கைராசி

"இன்னும் மரத்துப்போகுதா?" என்று கேட்டபடி அவளுடைய மணிக்கட்டில் எண்ணெய் தடவி நீவினார் அவர்.

"காலையில எழுந்தா கட்டைவிரல்ல உயிரே இல்ல. டம்ளரைப் பிடிச்சா நழுவுது அண்ணா."

"ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிட்டுத் தூங்கச் சொன்னேனா இல்லையா?"

"அதை மாட்டிக்கிட்டுப் பிள்ளையை எப்படித் தூக்குறது?"

"சாக்குப்போக்கு வேண்டாம். கையைத் தளர விடும்மா." உள்ளங்கையை விரித்து மெல்ல அழுத்தினார்.

"அப்பாடா, அந்த இடம்தான். என் கை இப்படி இருக்குறது முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் அண்ணா."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த முதலாளியம்மா சிரித்தார். "என்ன டெய்லர் சார், மணிக்கட்டு நரம்பு நசுங்குற கார்பல் டனல்னு கத்தரிக்கோல்கூடப் பிடிக்க முடியாம வந்தீங்க. குணமாகி மாசக்கணக்காச்சு. இன்னும் வாரம் தவறாம வர்றீங்களே?"

"வராம விட்டா வலி திரும்பிடுதுங்க" என்றபடி மசாஜுக்கான பணத்தைக் கட்டினார் டெய்லர்.

"எங்ககிட்ட வேலை பாக்குற பொண்ணோட கைராசி அப்படி. மசாஜ்ல அவளை அடிச்சுக்க ஆளில்ல."

அதற்குள் அந்தப் பெண்ணும் வெளியே வந்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பெஞ்சில் காத்திருந்த அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்து முறைத்தாள்.

"வாங்க சார். ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிட்டுத் தூங்கச் சொன்னேனா இல்லையா?"