எண் இறங்கியதற்கு ஒரு மொட்டை

ஞானசேகரின் ரத்தம் பேசத் தொடங்கியதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பெருங்குடல் புற்றை வெட்டி எடுத்த கையோடு அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். நோய் திரும்புகிறதா என்று சொல்லும் சி.இ.ஏ. எண்ணை அது தினமும் ரத்தத்தில் பார்த்து, குடும்பத்தார் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடும்.

மார்கழியில் எண் ஏறியது. மகன் கனடா வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டு அப்பாவோடு இருந்துகொண்டான்.

"சிகரெட் பிடிச்சாலும் கொஞ்சம் ஏறும். பழக்கம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு," என்றார் ஞானசேகர். பக்கத்தில் மனைவி வனிதா நின்றிருந்தாள். அன்றே சமயபுரத்தாளுக்கு முடி நேர்ந்துகொண்டாள்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த சிகரெட் பெட்டியை அவர் அன்று மாலையே சாக்கடையில் எறிந்தார். மாசிக்குள் எண் இறங்கிவிட்டது. கனடா வேலைக்குத்தான் வேறு ஆள் போய்விட்டான்.

சமயபுரத்தில் வனிதா இடுப்புவரை விழும் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்தபோது ஞானசேகருக்குத் தாங்கவில்லை. அவள் காதருகே குனிந்தார்.

"வேணாம் வனிதா. இது ஆத்தா இறக்கினது இல்ல. நான் திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அதை விட்டதும் இறங்கிடுச்சு."

அவள் தலை நிமிரவில்லை.

"நீங்க அதை விடணும்னுதாங்க நேந்துக்கிட்டேன்," என்றாள். பிறகு நாவிதரிடம், "எடுங்கண்ணே," என்றாள்.