காலை ஊன்றாமல் ஓர் எட்டு

சிலர் கற்கப் பிறக்கிறார்கள். ராமச்சந்திராபுரம் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சௌந்தரராஜன் கற்பிக்கப் பிறந்தவர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

பைக் பயிற்சி மைதானத்தில், ஹெல்மெட்டோடு நின்ற மனைவி வசந்தகுமாரியிடம் ஆரம்பித்தார்.

"இந்த வயசுல உனக்கு பைக் தேவையா? பார்க்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினவன் சொல்றேன். பொம்பளைங்க எட்டுப் போட்டா பாதியில காலை ஊணிடுவாங்க."

"ஊணினா ஊணிட்டுப் போறேன். ஓட்டறதை மட்டும் விடமாட்டேன்."

பயிற்சியாளர் புதியவர்களின் பட்டியலைப் பிரித்து, முதல் பெயரைத் தெலுங்கில் மரியாதையோடு அழைத்தார்.

"சௌந்தரராஜன் காரு, ரண்டி."

"கூப்பிடறாங்க, போங்க. பன்னிரண்டு மணிக்கு வந்து ஏத்திக்கிறேன்" என்று, போன மாதமே லைசென்ஸ் வாங்கிவிட்ட வசந்தகுமாரி பைக்கைக் கிளப்பினாள்.

முப்பது வருஷமும் ஆலைக் குடியிருப்புக்குள்ளேயே ஓட்டியவரிடம் யாரும் கேட்டதில்லை என்பதால், சௌந்தரராஜன் இதுவரை லைசென்ஸே எடுத்ததில்லை.