மெதுவான சீனி

முனாப் தன் தட்டிலிருந்த கோழிக்காலைத் தூக்கி மனைவியின் தட்டில் வைத்த கணத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி பாழாய்ப் போனது.

"அங்கிள்! யாரு எவ்வளவு சாப்பிடுறாங்கன்னு நிறுத்துப் பாக்கத்தானே இவ்வளவு பாடு!" தராசடியில் நின்ற ஆராய்ச்சிக்காரப் பிள்ளை சஞ்சீவனி தலையில் கைவைத்தாள்.

முனாப் அசடு வழிந்தார். ஒரே சஹனை, அந்தப் பெரிய தட்டைச் சுற்றி நாலு பேரோடு உட்கார்ந்து, நல்ல துண்டைப் பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிட்டே பழகிய கை. விஞ்ஞானத்துக்குக் கட்டுப்படுமா?

காலையில் எல்லோருக்கும் ஒரு கிளாஸ் பானம் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் சாதாரணச் சீனி. மீதிப் பேருக்கு மெதுவாகச் செரிக்கிற சீனி. அதைக் குடித்தவர்களுக்குப் பகலில் பசி குறைகிறதா என்பதுதான் சோதனை. யாருக்கு எது என்று சஞ்சீவனிக்கே தெரியாது.

ஓசிப் புரியாணிக்குப் போவதாகத்தான் முனாப் தன் ஊரான அக்குறணை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வந்தது பயத்தில்.

மனைவி பாயிஸா வழுக்கி விழுந்து இடது கையில் கட்டுப்போட்ட நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரும் விதவிதமாக ஆக்கிப் பார்த்துவிட்டார். மூன்று வாய், அதோடு "வயிறு நெறஞ்சிட்டு." ஆள் பாதியாகிவிட்டாள். மகள் ரிஸ்னா போனில் கெஞ்சியும், டொக்டரிடம் வரமாட்டேன் என்று அடம் வேறு. இங்கேயாவது படித்தவர்கள் அவள் தட்டைப் பார்க்கட்டும் என்று கூட்டிவந்திருந்தார்.

பார்த்தார்கள்.

பாயிஸா தன் தட்டை வழித்தாள். வந்து சேர்ந்த கோழிக்காலை வெறும் எலும்பாக்கினாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

முனாப்புக்குக் கண் கலங்கியது. பழியை மிளகாய்மேல் போட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! பாயிஸா, ஒனக்குக் கெடச்சது சாதாரணச் சீனிதான். அதான் இந்தப் பசி! நாளையிலிருந்து கஞ்சிக்கும் போடுறன், கறிக்கும் போடுறன்."

பாயிஸா மெல்லுவதை நிறுத்தினாள்.

கத்தி பட்டுப் பிளாஸ்டர் ஒட்டிய அவருடைய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொல்லவா விடவா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"ரிஸ்னாட வாப்பா, சீனி கெடக்கட்டும். நீங்க ஆக்குற கறிய வாயில வெக்க ஏலா."