சொந்த மெட்டு

"பிடிச்சுட்டேன்! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!"

மோப்பக்காது போட்ட கூச்சலில் மைத்துனன் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. திருடன் வீட்டுக்குள் இல்லை, வானொலியில் இருந்தான். புதுப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சரணம் இருக்கே, பழைய பாட்டு ஒண்ணோட பல்லவி. அப்படியே லவட்டிட்டான் மாப்ளே! வெட்கம் மானம் இருக்கா இவனுக்கு?"

அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. எந்தப் பாட்டைக் கேட்டாலும் எங்கிருந்து சுட்டது என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவார். மைத்துனன் தன் மெல்லிசைக் குழுவுக்கென்று ஆசை ஆசையாகப் போட்ட பாட்டுகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கொன்று போட்டிருந்தார். கடைசியில் அவன் பொறுமை இழந்து, "நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க அத்தான், மேடையில உங்க பேரைச் சொல்லியே பாடுறோம்" என்று சொல்லிவிட்டான். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் ஊரின் மறுகோடியிலிருந்து இன்றைக்குப் பெரிய ஸ்பீக்கரோடு வந்திருந்தான்.

மோப்பக்காது சளைத்தவரா? முதலில் வார்த்தை எழுதினார். 'கதவைத் திறந்து வா வா, சேர்த்ததெல்லாம் கொண்டு வா வா.' காதலியைப் பார்த்துப் பாடுவதாம்.

மெட்டுதான் நெடுநாள் தண்ணி காட்டியது. வீட்டு வேலை எல்லாம் மனைவி தலையில் என்பதால், வெயில் ஏறும்வரை கட்டிலை விட்டு இறங்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அப்படி ஒரு காலை, அரைத்தூக்கத்தில், போர்வைக்குள்ளேயே மெட்டு தானாக வந்து விழுந்தது. மறுநாளும் அதே வேளைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. கற்பனைக்கும் வாரம் ஒருநாள் லீவு வேண்டாமா என்று விட்டுவிட்டார்.

பிறகு கீபோர்டில் தாளம் சேர்த்தார், புல்லாங்குழல் சேர்த்தார், நடுவில் மணியோசைகூடச் சேர்த்தார். எவனாவது கேட்டுத் திருடிவிடுவானோ என்ற பயத்தில் எல்லாமே ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான். மனைவி காதில்கூட ஒரு சுரம் விழவிடவில்லை.

"மாப்ளே, இந்த மெட்டை இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேன்னு ஒருத்தர் சொல்லட்டும். கீபோர்டை உன்கிட்டயே குடுத்துட்டு, இனிமே பாட்டுன்னு வாயைத் திறக்க மாட்டேன்!"

"யோசிச்சுப் பேசுங்க அத்தான்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சொந்தச் சரக்கு!"

ஜன்னல்களைத் திறந்துவிட்டார். ஸ்பீக்கரை முழுசாக முடுக்கினார். மெட்டை மட்டும் முதலில் ஒருமுறை வாசித்தார்.

மைத்துனன் கண்ணை மூடிக் கேட்டான். குற்றம் கண்டுபிடிக்கத்தான் மூடினான், பாவம், ஒன்றும் அகப்படவில்லை. "எங்கேயும் கேட்டதில்ல அத்தான்" என்றான் சுரத்தே இல்லாமல். "நான் தோத்துட்டேன். மேடை உங்களுக்குத்தான்."

மோப்பக்காதுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பலமாக வாசித்தார். சமையலறையிலிருந்த மனைவி பின்கதவு வழியாக விழுந்தடித்து வெளியே ஓடுவது தெரிந்தது. ஆனந்தக் கண்ணீரை மறைக்க ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை இப்படி அசத்தியதே இல்லை.

மாடியில் கதவுகள் படபடவென்று திறந்தன. படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். எதிர்வீட்டிலிருந்தும் யாரோ "இருங்க, இருங்க, வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

"பாத்தியா மாப்ளே, சனம் எப்படி ஓடி வருதுன்னு! இதுதான்டா ஒரிஜினல்!"

கடைசிச் சுரத்தை நீட்டி முழக்கி நிறுத்திவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொள்ள வாசல் கதவை அகலத் திறந்தார். வெளியே மூச்சு வாங்க மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது.

மனைவி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, குப்பை வண்டி அதுக்குள்ள எங்க போச்சு?"