வேலை செய்யாத மருந்து

"நீங்க கொடுத்தது போலி மருந்து."

உரக்கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார். காலி பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அந்த வீட்டு மூத்த மருமகள் நின்றாள். கடையில் இருந்தவர்கள் போகட்டும் என்று அரைமணி நேரமாக விதை அலமாரியை வெறித்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எப்ப வாங்கினீங்கம்மா?"

"நாலு மாசம் ஆச்சு. களைக்கொல்லின்னு சொல்லித்தானே வித்தீங்க? எங்க தோட்டத்துல ஊத்தினேன். ஒரு மாசம்கூட வீரியம் நிக்கலை."

ஊற்றியது யார் பாத்தியில் என்பதை அவள் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம் இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்குப் பாதி. இவள் பாதியில் கத்தரிக்காய், கோலிக்குண்டுக்கு மேல் பருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம், நேற்று வந்த ஓரகத்தியின் பாதியில் பீன்ஸ் கொத்துக்கொத்தாய்த் தொங்கியது. மாமியார் கூடையை எடுத்தால் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும். "சின்னவ கைராசி" என்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டின புருஷனே தட்டைப் பார்த்து, "பீன்ஸ் சின்னவளோடதா? அதானே பார்த்தேன்" என்றான்.

அந்த 'அதானே' அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

எல்லோரும் கல்யாணத்துக்குப் போன ஒரு பகலில், தலைவலி என்று வீட்டில் தங்கிக்கொண்டாள். பொடியை வாளியில் கரைத்து ஓரகத்தியின் பாத்தி முழுக்க ஊற்றினாள். மூன்று வாரத்தில் பீன்ஸ் இலைகள் ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கருகின. இளையவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான்தான் உரத்தை அள்ளிக் கொட்டிட்டேன் போல" என்றாள். அசடு, என்று மூத்தவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கருகியதைப் பிடுங்கிப் போட்ட அதே வாரம் இளையவள் வேறு விதை ஊன்றினாள். அது இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கிறது. காலையில் பல் தேய்க்கும்போதே புருஷன் வேலியோரம் போய் வேடிக்கை பார்க்கிறான்.

"இதைவிடக் கடுமையானதா ஒண்ணு கொடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

அவர் அவசரப்படவில்லை. "இப்ப அந்த இடத்துல என்னம்மா நிக்குது?"

"மக்காச்சோளம்."

அவர் சிரித்துவிட்டார். "இது சோளக்காட்டுக்குன்னே செஞ்ச மருந்தும்மா. மத்ததை எல்லாம் சாகடிக்கும், சோளத்தை மட்டும் தொடாது. அது விஷத்தைக் குடிச்சு ஏப்பம் விட்டுட்டு நிக்கும்."

திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் ஆயிற்று அவளுக்கு. உலகத்தில் எத்தனையோ விதை இருக்க, சின்னவள் கைக்குச் சோளம்தானா அகப்படவேண்டும்? விஷத்தை ஊற்றினாலும் அதிர்ஷ்டம் அவள் மடியில்தான் போய் உட்காருகிறது.

"அப்ப விஷம் இன்னும் மண்ணுலதான் இருக்கா?"

"போய்க்கிட்டே இருக்கும். மண்ணுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. அதுங்க கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீர்க்கும். ரெண்டு மாசத்துல பாதி போச்சுன்னா, அடுத்த ரெண்டு மாசத்துல மீதியில பாதி. சில விருந்தாளிங்க மாதிரிதான், கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஈரமும் மக்கின எருவும் கொடுத்தா சீக்கிரம் கிளம்பும்."

"போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"அந்த மண்ணை எடுத்து ஒரு டம்ளர்ல போட்டு, பீன்ஸ் விதை ஊனிப் பார்க்கணும். இங்க வாங்க, காட்டறேன்."

கல்லாவுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் மூன்று பிளாஸ்டிக் டம்ளர்கள். முதலாவதில் காய்ந்த குச்சி. இரண்டாவதில் செடி உயிரோடு இருந்தது, இலை ஓரம் மட்டும் மஞ்சள். மூன்றாவதில் இரண்டு இலையும் பச்சைப்பசேல் என்று விரிந்திருந்தன.

"ஒரு பொண்ணு மாசாமாசம் மண்ணு கொண்டாந்து வைக்குது. முதல் தடவை கருகின இலையோட வந்துச்சு. களைக்கொல்லி வேலைன்னு பார்த்ததுமே சொல்லிட்டேன். சோளம் போடச் சொன்னதும் நான்தான்."

டம்ளர்களில் தேதி எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டுச் சமையலறையில் உப்பு, சர்க்கரை, காபித்தூள் டப்பா ஒவ்வொன்றிலும் அவள் தினம் பார்க்கும் அதே கையெழுத்து.

மூத்தவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "ஊத்தினது யாருன்னு... அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாமா?"

"தெரியுமாம். அன்னைக்கு வீட்டுல ஒருத்தர்தான் இருந்தாங்களாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "நேரா போய் நாலு வார்த்தை கேட்க வேண்டியதுதானேன்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டிடுச்சு. சரி, இந்த டம்ளரையாவது உன் வீட்டு ஜன்னல்ல வச்சுக்கோம்மா, எனக்கு இங்க இடம் இல்லைன்னேன். அதுக்கு என்ன சொல்லிச்சு தெரியுமா?"

அவள் மேஜைமேல் கிடந்த காலி பாக்கெட்டை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"'வீட்டுல வச்சா எங்க அக்கா கண்ணுல படும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அந்த வீட்டுல அவங்களால தலை நிமிர்ந்து நடக்க முடியாதுண்ணே. மண்ணு சரியாகற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்'னுச்சு."