நெற்றியில் அப்பா

"பொண்ணு ஏதும் பாக்கப் போறீங்களா சார்?" என்று டாக்டர் மதிவதனி கேட்டதும் செல்லதுரைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தஞ்சாவூரில் அந்தத் தோல் கிளினிக்கில், கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு நடுவே, திருட வந்தவன் மாதிரி அதுவரை ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"காலேஜ் போற மக இருக்கா மேடம். இந்த ரெண்டு கோட்ட மட்டும் எடுத்துவிட்ருங்க, போதும்." புருவங்களுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினான்.

மகள் காலேஜ் போகிற வயதில் இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த ஆசை என்று டாக்டர் நினைத்திருக்கலாம். நெற்றியை அழுத்திப் பார்த்தார்.

"க்ரீம் இருக்கு, மாசக்கணக்குல போடணும். லேசர் மேல்தோலுக்குத்தான். உங்களுது மொறச்சு மொறச்சு சதை இழுத்து விழுந்த கோடு. ஊசி போட்டா அந்தச் சதை அசையாம கெடக்கும், கோடு மங்கிடும். ஆனா நாலு மாசம்தான் தாங்கும்."

"நாலு மாசம் ரொம்ப ஜாஸ்தி மேடம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சின்ன வயசுல எடுத்த போட்டோ ஏதும் வச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வாங்கிப் பார்த்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுலயும் அதே கோடு இருக்கே சார்!"

"அது நான் இல்ல மேடம். எங்கப்பா."

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். நாலு பேர் நின்றால் நாலு பேரிடமும் வாயடிக்கிறவன்தான், ஆனால் இந்த விஷயத்தை வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா குடிகாரர், கை நீட்டுகிறவர். புருவம் நெரிந்து அந்த இரண்டு கோடுகளும் எழுந்தால் அம்மா வேம்புவுக்கு அன்றைக்கு அடி நிச்சயம். செல்லதுரை சிறுவனாக இருந்தபோது, ஒரு குறுவை அறுவடைச் சமயத்தில், கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. கேரளாப் பக்கம் போய்விட்டதாக அம்மா சொன்னாள். தொலைந்தது சனியன் என்று ஊரும் விட்டுவிட்டது.

அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய் அவனை ஆளாக்கினாள். இப்போது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அவனுக்கோ அப்பா காணாமல் போன வயது வந்துவிட்டது. சவரம் பண்ணும்போது கண்ணாடிக்குள்ளிருந்து அவர்தான் முறைக்கிறார். சில நாள் பாதி சவரத்தோடு எழுந்து வந்துவிடுவான்.

"நான் உள்ள போனாலே அம்மாவுக்கு ஒடம்பு நடுங்குது மேடம். எடுத்ததும் மொகத்தப் பாக்கறதில்ல. மொதல்ல என் காலத்தான் பாக்குறாங்க, கண்ண எடுக்காம. அப்புறந்தான் மெதுவா மேல பாத்துட்டு, கையெடுத்துக் கும்பிட்டு மூலைக்கு நகந்துடுறாங்க."

அப்பா முன்னால் தலை நிமிர்ந்து பழக்கமில்லாதவள், வேறென்ன செய்வாள் என்றான். மருமகள் இசைவாணி ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள். வாசலில் இவன் தலை தெரிந்தால் வாயில் இருப்பதையும் துப்பிவிடுவாள்.

"இந்தப் பொங்கலத் தாண்டுறதே கஷ்டம்னுட்டாங்க மேடம். போறதுக்குள்ள ஒரு தடவையாவது எங்கம்மா என்னை மகன்னு பாக்கணும். என் கையால சாப்பிடணும்."

டாக்டர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்தார்.

இரண்டு வாரத்தில் கோடுகள் போன இடம் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று வேண்டுமென்றே முறைத்துப் பார்த்தான். நெற்றி அசைந்து கொடுக்கவில்லை. மீசையையும் எடுத்துவிட்டு, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு அம்மாவின் அறைக்குள் போனான்.

வழக்கம் போலவே அவள் பார்வை அவன் கால்களில் விழுந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றது. பிறகு வேட்டி, தட்டு, தோள் என்று ஏறி முகத்துக்கு வந்தது.

"தம்பி... எப்படா வந்த?"

செல்லதுரை உடைந்துபோனான். அழுகையில் உதடு கோணியது, மூக்கு ஒழுகியது, நெற்றி மட்டும் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. முதல் கவளத்தை அவன் நீட்ட, அம்மா குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். உலகத்தில் அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

நாலு வாய் சாப்பிட்டதும் கையைத் தடுத்தாள். வாசற்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"உங்கப்பா வந்து வந்து நின்னுட்டுப் போறாருடா."

"இனிமே வரமாட்டாரும்மா. நான் பாத்துக்கறேன், நீ சாப்பிடு."

"நெசமாவா?"

"சத்தியமாம்மா."

அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. அவன் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"எதுக்கும் உங்கப்பாவ நான் பொதச்ச எடத்துல மண்ணு கலைஞ்சிருக்கான்னு பாத்துட்டு வா தம்பி."