அரைக் கரண்டி கடலை

தர்மேந்திரன் கரண்டியை நீட்டியபோது லோகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

மூடிய கண்ணாடி. அந்தப் பக்கம், குட்டி நாற்காலியில், அவர்களுடைய ஆறு மாத மகள் யாஷிகா.

கரண்டி நுனியில் வேர்க்கடலை விழுது. வெந்நீரில் கரைத்தது. தொட்டு நக்கும் அளவுதான்.

யாஷிகா முகத்தைச் சுளித்தாள். பிறகு சப்புக்கொட்டினாள்.

தர்மேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். காலை பத்து ஐந்து. பத்து நிமிஷம் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மீதி அரைக் கரண்டி.

அப்படித்தான் அம்பாங்கான் கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையின் கன்னமெல்லாம் கரப்பான் படை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கடலை பின்னால் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். தள்ளிப்போடுவதுதான் தப்பு, இப்போதே பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்றார். பிள்ளையின் தோலில் குத்திச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, வீட்டிலேயே கொடுக்கலாம் என்று அனுப்பினார்.

அன்றிலிருந்து லோகேஸ்வரிக்குச் சரியான தூக்கமில்லை.

மூன்று வாரம் கடத்தினாள். சளி என்றாள். பல் முளைக்கிறது என்றாள். கடைசியில் தர்மேந்திரன் சுங்கை காடுட் ஃபேக்டரியில் ஒரு நாள் லீவு போட்டான். கடலை விழுதை வாங்கி வந்தது அவன். கரைத்தது அவன். அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதும் அவன்தான்.

கார் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. சாவி உள்ளேயே இருந்தது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மூன்று மைல்கட்டை தூரம் மண் சாலை, அப்புறம் தார்ச் சாலை. ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிஷம். நேற்றே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

மூச்சு முட்டும்போது இருபத்தைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும்.

"என்னா லோகா, வெயில்ல நிக்கிற? வீட்டுக்காரரோட சண்டையா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மங்கம்மா கேட்டாள். லோகேஸ்வரி திரும்பவில்லை.

பத்து பதினைந்து. மீதியும் உள்ளே போனது. போனதில் பாதி மூக்கிலும் கழுத்திலும் அப்பியது.

பத்து இருபத்திரண்டுக்கு மோவாயில் ஒரு சிவப்பு.

லோகேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"மோவாயப் பாருங்க! சட்டையத் தூக்கிப் பாருங்க!"

தர்மேந்திரன் குனிந்தான். அவன் முதுகு மறைத்தது. பிள்ளை தெரியவில்லை. சத்தமும் இல்லை.

அவள் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

"உள்ள வராத லோகா!"

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவன் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் கை கதவுப் பிடியிலேயே உறைந்தது.

உள்ளே ஒரு இருமல்.

அப்புறம் எதுவுமில்லை.

அப்புறம், கெக்கெக்கென்று ஒரு சிரிப்பு.

ஜன்னலுக்கு ஓடினாள். தர்மேந்திரன் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். வயிற்றில் ஒரு தடிப்பும் இல்லை. உதடு வீங்கவில்லை. விழுது ஒட்டிய இடத்தில் மட்டும்தான் சிவப்பு. அதுவும் ஈரத்துணியால் துடைத்ததும் மங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு மணி நேரத்தையும் அவள் நின்றே கழித்தாள்.

பன்னிரண்டே காலுக்கு அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம். பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, தன் சட்டையையும் மாற்றிக்கொண்டு அவன் ஜன்னலருகே வந்தான். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தான்.

யாஷிகா அம்மாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, பசியில் வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகை கேட்ட மாத்திரத்தில் லோகேஸ்வரிக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது.

அவள் எழுந்தாள். ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

ஒன்பது வயதில், பள்ளிக்கூட விருந்தில், தெரியாமல் ஒரு துண்டு கடலை மிட்டாயைத் தின்று, மூச்சு நின்று, மூன்று நாள் சுவாச இயந்திரத்தில் கிடந்து பிழைத்தவள் அவள். கடலை பட்ட கை தொட்டாலே அவளுக்கு உடம்பு தடித்துப்போகும். கடலை தின்ற வாய் அன்றைக்கு முழுக்க அவள் மார்பில் படக் கூடாது. முத்தமும் கூடாது. டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

பிள்ளைக்குக் கடலை வாரத்துக்கு மூன்று முறை. விடாமல், வருஷக்கணக்கில்.

விடியற்காலையில் அவள் பிழிந்து வைத்த பாலைத் தர்மேந்திரன் போத்தலில் கொடுத்துப் பார்த்தான். யாஷிகா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சொல்றதுலா இவகிட்ட?"

லோகேஸ்வரி நனைந்த சட்டையின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா நாளைக்கு வருவாங்கன்னு சொல்லுங்க."